ஊர்ப் பசுமையும் ஊரவர் உரிமையும்

ஊரின் மரத்தையும் குளத்தையும் காப்பது ஊரவர் கடமை என்று மேடைதோறும் முழங்கப்படுகிறது. கடமையை நினைவூட்டுவோர் உரிமையைப் பற்றி வாய்திறப்பதில்லை. எங்கே எம்மரத்தை நடுவது, குளக்கரையை எவ்வாறு பேணுவது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்பனவற்றை அலுவலகம் தீர்மானிக்கும். தண்ணீர் ஊற்றுவது மட்டும் ஊரவர் பங்கு. இவ்வேலைப்பிரிவினை தோல்வியையே தரும்.

கோப்பாயை எடுத்துக்கொள்வோம். செம்மண் தோட்டங்கள் ஒருபுறம். கிழக்கே நீரேரியை நோக்கித் தாழும் வயல்கள் மறுபுறம். வற்றாத ஆறில்லாக் குடாநாட்டில் சுண்ணக்கல்லின் இடையே தேங்கும் மழைநீரே கிணறுகளின் உயிர். குளம் தூர்ந்தால் அந்நீர் நிலத்துள் இறங்காது வீணே ஓடும். எனவே இங்கு குளமும் நிழல்மரமும் வெறும் அலங்காரங்கள் அல்ல.

குடாநாட்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பொழிகிறது. வடக்கு மாகாண சபை தன் பதவிக்காலத்தில் (2013-2018) நவம்பரை மரநடுகை மாதமாக அறிவித்தமை பொருத்தமே. ஆயினும் கன்றுக்குச் சோதனை மாரியில் வருவதில்லை. பங்குனி வெயிலிலும் ஆடு மாடுகளின் வாயிலுமே வருகிறது. விழா விருந்தினர் அப்போது வாரார், அயல்வீட்டாரே இருப்பர். தாம் தெரிவுசெய்யாத இடத்தில், தாம் வேண்டாத மரத்துக்கு அவர்கள் ஏன் வாளி சுமக்க வேண்டும்?

மக்களிடம் ஒப்படைத்தால் யாவும் சீரழியும் என்பர் சிலர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமோ, உள்ளூர்த் தீர்மானங்களில் மக்கள் பங்குகொள்வதையே தன் நோக்கமாகக் கூறுகிறது. ஊரவரைக் கொண்ட குழுக்களுக்கும் இடமளிக்கிறது. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, மனமே வேண்டும். சனசமூக நிலையங்களை நடத்தி, சிரமதானத்தால் ஒழுங்கைகளைத் திருத்திய மக்களுக்கு நிருவாகம் புதிதன்று.

மற்றோர் எதிர்வாதம் வலிமையானது. யாழ்ப்பாணத்தில் ‘ஊர்’ என்னும் சொல் ஊரவர் அனைவரையும் குறித்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பொதுக்கிணறுகளும் மறுக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், ஆலயங்களும் தேநீர்க்கடைகளும் திறக்கப்பட 1960களின் பிற்பகுதியில் போராட்டம் தேவைப்பட்டது. ஆகவே கோயில் தருமகர்த்தாவும் ஓய்வுபெற்ற அதிபரும் கூடி எடுக்கும் முடிவை மக்கள் முடிவென ஏற்க இயலாது. குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும், பெண்களுக்கும், காணியற்ற கூலியாளருக்கும் குழுவில் இடம் வேண்டும். வரவு செலவுக் கணக்கு வாசிகசாலைச் சுவரில் தொங்க வேண்டும். ஊரின் இக்குறையைக் காட்டி அதிகாரத்தை அலுவலகத்திலேயே வைத்திருப்பதும் நியாயமாகாது. அலுவலகம் சாதிக்கு அப்பாற்பட்டதெனக் கூறத் துணிவோர் யார்?

சபை நிதியும் நாற்றும் வழங்கட்டும். தெரிவை மக்களிடம் விடட்டும். பல்கலைக்கழகத்தில் புவியியலும் தாவரவியலும் கற்கும் நாம், ஊரவர் கேட்கையில் கிணற்று நீரை அளந்து கூறுவோம். மண்ணுக்கேற்ற மரத்தைச் சொல்வோம். தலைமை தாங்க முந்தாதிருப்பதே நம்மிடம் எதிர்பார்க்கப்படும் முதற்பணியாகும்.