ஒரு தெரு, மூணு பள்ளம்

முதல்லயே சொல்லிடறேன். நான் பி.காம். குழாய், பள்ளம், மண் பத்தியெல்லாம் எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. தினமும் அந்தத் தெருவில் நடந்து பேங்குக்குப் போறவன் என்ற ஒரே தகுதிதான்.

புனேயில் நாங்க இருக்கிற தெருவை ஒரே வருஷத்தில் மூணு தடவை தோண்டினாங்க. முதல்ல பாதாள சாக்கடை. மூடி, தார் போட்டு, அந்தத் தார் காயறதுக்குள்ள பக்கத்திலேயே மழைநீர்க் குழாய். தீபாவளி முடிஞ்சதும் கேபிள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, ரெண்டாவது பள்ளத்தை மூடின இடத்தில் மண் உள்வாங்கியிருந்தது தெரியாம கால் வச்சு விழுந்துட்டார். 76 வயசு. இடது மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. "கும்பகோணத்துலேயே இருந்திருப்பேன்டா" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அது போதும்.

அந்த நேரத்தில் அக்கா பையன் எங்க வீட்டில் தங்கியிருந்தான். சிவில் டிசைன் கம்பெனியில் வேலை. ஒரு நாள் ராத்திரி லேப்டாப்பை வச்சுக்கிட்டு தலையைச் சொறிஞ்சுக்கிட்டிருந்தான்.

"என்ன மாப்ளே, தூங்கலையா?"

"ரெண்டு பைப் பள்ளத்தோட சர்ஃபேஸை ஒண்ணா சேர்க்கணும் மாமா. அளவு சரியா வரமாட்டேங்குது."

எனக்குப் புரியற மாதிரி சொல்லச் சொன்னேன். சிவில் 3டி என்கிற மென்பொருள், நிலத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களா கோத்து ஒரு பரப்பா வச்சுக்குமாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனிப் பரப்பு. அதையும் தரைமட்டப் பரப்பையும் ஒப்பிட்டா எவ்வளவு மண் எடுக்கணும்னு வந்துடும். ரெண்டு பள்ளம் ஒண்ணை ஒண்ணு தொடும்போதுதான் சிக்கல்.

அவன் போட்டுக் காட்டின கணக்கு இது. 100 மீட்டர் தெரு. சாக்கடைப் பள்ளம் 1.2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம்: 300 கன மீட்டர். மழைநீர்ப் பள்ளம் 0.9 அகலம், 1.5 ஆழம்: 135. ரெண்டும் 0.3 மீட்டர் அகலத்துக்கு ஒண்ணுமேல ஒண்ணு விழுது.

சும்மா கூட்டினா 435. மேல விழற 45 கன மீட்டர் ரெண்டு தடவை கணக்கில் வந்துடுச்சு. அதைக் கழிச்சா 390, இதுதான் சரி. ஆனா மென்பொருளில் ஒரு பரப்பு மேல இன்னொண்ணை பேஸ்ட் பண்ணினா, கடைசியா ஒட்டினதுதான் நிக்குமாம். ஆழம் குறைஞ்ச பள்ளத்தைக் கடைசியில் ஒட்டினா 360தான் வரும். தோண்டற காண்ட்ராக்டருக்கு 30 கன மீட்டர் நஷ்டம். ஆழமானதைக் கடைசியில் ஒட்டினா போதுமேன்னு கேட்டேன். சரிவுக்கேத்த மாதிரி ஒரு முனையில் இதுவும் மறுமுனையில் அதுவும் ஆழமா இருக்குமாம். அதனால ரெண்டு பரப்பும் சந்திக்கிற கோட்டைக் கண்டுபிடிச்சு, ஒவ்வொரு இடத்திலும் எது கீழே இருக்கோ அதை எடுக்கணும்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது எங்க கன்சாலிடேட்டட் பேலன்ஸ் ஷீட்! தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி கணக்கை அப்படியே கூட்டக் கூடாது. ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்கினதை நீக்கிட்டுத்தான் கூட்டணும்.

"அப்ப எங்க தெருவில 45 கன மீட்டருக்கு ரெண்டு தடவை பில் போட்டு ஏமாத்தியிருப்பாங்களோ?" என்றேன்.

"இல்ல மாமா. அங்க 435தான் நியாயமான பில். ஒரு தடவை தோண்டி மூடின மண்ணைத்தானே மறுபடி தோண்டினாங்க?"

நான் சொல்ல வந்தது இதுதாங்க. பில்லில் தப்பில்லை, ஆடிட்டில் சிக்காது. ஆனா பணம் போனது போனதுதான். தோண்டினது ரெண்டு தடவை, மூடினது ரெண்டு தடவை, தார் ரெண்டு தடவை. அதோட, மூடற மண்ணை அடுக்கடுக்கா போட்டுக் கெட்டிக்காம மேலே தாரைப் பூசினா, மழையில் மண் இறங்கும். எங்கப்பா விழுந்த மாதிரி யாராவது விழுவாங்க. திருட்டு நடந்தா பிடிக்கலாம். இந்த மாதிரி நேர்மையான வீணடிப்பை யார் பிடிக்கறது?

எல்லாத் துறையும் ஒண்ணு சேரும்வரை சாக்கடைக்குக் காத்திருக்க முடியுமான்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. காத்திருக்க வேண்டாம். பள்ளம் திறந்திருக்கும்போதே, பின்னால வரப்போற கேபிளுக்கு வெறும் குழாய் ஒண்ணைப் பதிச்சு வச்சா போதுமே. பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் சாலைகளில் நடைபாதைக்கு அடியில் இப்படித்தான் பண்ணியிருக்காங்க. காந்திநகர் பக்கத்தில் கிஃப்ட் சிட்டியில் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு சுரங்கமே இருக்கு. மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டு வந்தது. தோண்டப் போறவங்க முன்கூட்டியே சொன்னா, மண்ணுக்கடியில் குழாயோ கேபிளோ வச்சிருக்கவங்களுக்குத் தகவல் போகும். ஒருங்கிணைக்காம தோண்டறதால வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம்னு அப்ப அரசே சொன்னது. ஆக, வழி தெரியாம இல்லை. கேக்கற ஆள்தான் குறைவு.

அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு. சொசைட்டி மீட்டிங் மராத்தியில் நடக்கும். 'நமக்கென்ன, இன்னும் ரெண்டு வருஷத்தில் டிரான்ஸ்ஃபர்' என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ குடிச்சிட்டு வந்துடுவேன். வெளியூரில் இருக்கிற நம்மில் பல பேர் இப்படித்தானே? ஊர் நம்மது இல்லைன்னு நாம நினைக்கலாம். பள்ளத்துக்கு அதெல்லாம் தெரியாது.

போன மாசம் எரிவாயுக் குழாய்க்குத் தோண்டப் போறதா நோட்டீஸ் வந்தது. மீட்டிங்கில் எழுந்து, என் அரைகுறை ஹிந்தியில் ரெண்டே கேள்வி கேட்டேன். "இதுக்கப்புறம் யார் தோண்ட வர்றாங்க? அவங்களையும் இப்பவே வரச் சொல்ல முடியுமா?" பதில் யாருக்கும் தெரியலை. ஆனா செயலாளர் அதை மராத்தியில் எழுதி, வார்டு ஆபீசுக்கு மனுவாக் கொடுக்க 40 பேர் கையெழுத்துப் போட்டாங்க. மாவுக்கட்டுப் பிரிச்ச கையோட அப்பாவும் போடறேன்னார். அவர் இந்த விலாசத்தில் இல்லைன்னு தங்கமணி தடுத்துட்டாங்க :-)

உங்க தெருவில் அடுத்த தடவை ஜேசிபி வந்து நின்னா, நீங்களும் அந்த ரெண்டு கேள்வியைக் கேளுங்க. எந்த மொழியில் கேட்டாலும் சரி.