ஜன்னலைத் திறந்துவிட்டு விமானம் கட்டுங்க!

"பையன் காலேஜ் முடிக்கப் போறான். இவர் என்னடான்னா ராத்திரி உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கிட்டிருக்கார் டாக்டர்!"

கணவரைப் பற்றிப் புகார் சொன்ன அந்த அம்மா உண்மையில் வந்தது தலைவலிக்காக. இரண்டு மாதமாக, விடிந்தால் தலைவலி. மூக்குக்கண்ணாடி மாற்றியாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்தக் கணவர் கட்சி. நிஜத்தில் கிட்டத்தட்ட 37 அடி இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானம், 72-ல் ஒரு பங்கு அளவில் செய்தால் ஒரு சாண்கூட வராது. அதைப் பொறுமையாகக் கட்டுகிற மனுஷனை எதற்குத் திட்ட வேண்டும்?

ஆனால், பாகங்களை ஒட்டியதோடு வேலை முடியாது. விமானத்தின் உடல் இரண்டு பாதியாகத்தான் வரும். ஒட்டினால் முதுகில் கோடு தெரியும். அதை மறைக்கப் புட்டி. காய்ந்ததும் உப்புத்தாள், 400, 600, 1000 என்று நைஸாக்கிக்கொண்டே போக வேண்டும். அப்புறம் பெயின்ட், தின்னர். வம்பு இங்கேதான். இதற்கான பசை, பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து ஒட்ட வைக்கிற கரைப்பான். சில புட்டிகளில் டொலுவின் இருக்கிறது. காய்கிறது என்றால், அது காற்றில் கலக்கிறது என்று அர்த்தம்.

"எங்கே வெச்சு செய்யறீங்க?"

"பெட்ரூம்லதான் சார். பெயின்ட்ல தூசி ஒட்டக்கூடாதுன்னு ஜன்னலைச் சாத்திட்டு ஏ.ஸி. போட்டுக்குவேன். கொஞ்ச நேரத்துல வாடை போயிடும்."

வாடை போகவில்லை ஐயா, உங்கள் மூக்குக்குப் பழகிவிட்டது! வீட்டு ஸ்பிளிட் ஏ.ஸி. பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர வைத்துத் திருப்பி விடுகிறது. புட்டி பூசிய விமானம் மேஜையில் காய, அந்த அம்மா விடிய விடிய அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார்.

அமெரிக்காவில் பையன்கள் இந்தப் பசையை வேண்டுமென்றே முகர்ந்து கெட்டுப்போனார்கள். 1969-ல் டெஸ்டர்ஸ் கம்பெனி தன் பசையில் கடுகின் கார நெடியைச் சேர்த்தது, முகரவே முடியாதபடி. இப்போது ஆரஞ்சு வாசனையோடுகூடப் பசை வருகிறது. மணமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அதுவும் கரைப்பான்தான். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறப்பது குறையும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ இருந்தால் அந்த அறையில் இந்த வேலையே வேண்டாம்.

எங்களையும் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதித் தருகிறோம், 'ராத்திரி வீட்டில் என்ன நடக்கிறது?' என்று கேட்பதில்லை.

"எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா. மாட்டேன் என்றேன். மேஜை பால்கனிக்குப் போனது. புட்டி பூசியதும் அங்கேயே, தூசி விழாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காய வைக்கிறார். பத்து நாளில் தலைவலி நன்றாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. பையனுக்குப் பரீட்சை நேரம், அந்தக் கவலையும் இருக்கிறது.

கணவருக்குத்தான் இப்போது குறை. விமானி தலைக்கு மேல் வருகிற கண்ணாடி மூடி, நகத்தளவு சாமான், காற்றில் பறந்து கீழ்வீட்டுத் துளசித் தொட்டிப் பக்கம் விழுந்துவிட்டதாம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.