சர்க்கார் கொள்முதலும் கிராமச் சிறு தொழில்களும்

விளைபொருளைப் பண்டமாக்கி விற்கும் குடியானவருக்குச் சர்க்காரைக் காட்டிலும் நிலையான வாடிக்கைக்காரர் கிடைப்பது அரிது. ஆஸ்பத்திரிகள், மாணவர் விடுதிகள், சிறைச்சாலைகள் முதலியவற்றிற்கு வருஷம் முழுவதும் எண்ணெயும் பருப்பும் வெல்லமும் கயிறும் வேண்டியிருக்கின்றன. ஆயினும், கடலை விளையும் ஊரில் எண்ணெய்ச் செக்கு வேலையின்றி நிற்க, அவ்வூர் விடுதிக்கு எண்ணெய் தூரதேசத்து வியாபாரியிடமிருந்து வருமாயின், அது வருந்தத்தக்கதே.

இக்குறையை நீக்கச் சட்டம் இல்லாமலில்லை. மத்திய இலாகாக்களும் பொதுத்துறை ஸ்தாபனங்களும் தங்கள் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு தொழில்களிடமிருந்தே வாங்கவேண்டுமென்று 2012ஆம் வருஷத்தில் உத்தரவு பிறந்தது. அப்பங்கு முதலில் 20 சதவீதமாயிருந்து, 2018இல் 25 சதவீதமாயிற்று. இத்தொழில்களுக்கு டெண்டர் பாரக் கட்டணமும் டேவணித் தொகையும் இல்லை. பெரிய ஸ்தாபனம் கேட்ட மிகக் குறைந்த விலைக்கு மேல் 15 சதவீதத்திற்குள் விலை கேட்ட சிறு தொழிலினர், அக்குறைந்த விலைக்கே கொடுக்க இசைந்தால் ஒரு பங்கு சப்ளையைப் பெறலாம்.

இவை நன்மையே; எனினும் போதா. 2025 ஏப்ரல் முதல், 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதலுள்ள ஸ்தாபனமும் சிறு தொழிலாகவே கருதப்படுகிறது. கிராமச் செக்கும் அத்தகைய ஆலையும் ஒரே பந்தியில் அமர்ந்தால், பரிமாறுவது யார் இலைக்கென்று சொல்லவேண்டுவதில்லை. ஒரு ஜில்லா முழுவதற்கும் ஒரு வருஷத்துக்கு வேண்டிய எண்ணெயை ஒரே டெண்டரில் கேட்டால், சிறியவர் விலை சொல்லவே வழியில்லை. ஆகையால் சலுகையைப் பெருக்குவதினும் டெண்டரின் அளவைச் சுருக்குவதே முக்கியம் என்பது எமது அபிப்பிராயம். தாலுகா வாரியாகவும் மூன்று மாதத் தவணையாகவும் கொள்முதலைப் பிரித்தல் வேண்டும்.

அடுத்தது பணப்பட்டுவாடா. 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டபின் 45 நாளைக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கலாகாது. தவறினால் ரிசர்வ் பாங்கு விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. ஆனால் அடுத்த ஆர்டரை எதிர்பார்த்து நிற்பவன் அவ்வட்டியை வாய்விட்டுக் கேட்பானா? அறுவடைக் காலத்தில் கடலையை ரொக்கத்துக்கு வாங்கியவனுக்கு இரண்டு மாதத் தாமதமே தொழிலை மூடப் போதுமானது. வட்டியைக் கேளாமலே பட்டியலுடன் சேர்த்துக் கொடுப்பதை உத்தியோகஸ்தரின் கடமையாக்க வேண்டும்.

பல சிறு டெண்டர்களால் ஆபீஸ் வேலை பெருகும், சரக்கின் தரமும் ஒரேவிதமாயிராது என்பர். வேலை பெருகுவது உண்மையே. ஆயினும் பிரேஸில் தேசத்தில், பள்ளிக்கூட உணவுக்கென மத்திய சர்க்கார் அளிக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்பப் பண்ணைகளின் விளைபொருளுக்குச் செலவிட வேண்டுமென்று 2009இல் சட்டம் செய்தனர். அவ்வளவு விரிந்த தேசத்தில் சிறியோரிடம் வாங்க வழி வகுத்திருக்க, நம்மால் இயலாதென்பது பொருந்தாது.

தரத்தைப் பற்றிய ஆட்சேபத்திற்கு விடையளிக்கவேண்டியவர்கள் குடியானவர்களே. ஈரம் உலராத கடலையில் பூஞ்சை பற்றி நச்சு உண்டாகும். அத்தகைய சரக்கை ஒருமுறை அனுப்பினாலும் ஊரின் பெயர் கெடும். தனித்தனியே முயலாமல் உற்பத்தியாளர் கம்பெனியாகச் சேர்ந்து, ஒரே தரமாகப் பிரித்து, உணவு லைசென்ஸும் பெற்று நிற்பது நலம். தொழிலைப் பதிவுசெய்யும் உத்யம் முறைக்குக் கட்டணம் ஏதுமில்லை.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 1998ஆம் வருஷத்து டெண்டர் சட்டப்படி ஜில்லா டெண்டர் இதழ்கள் வெளியாகின்றன. அவற்றில் ஊருக்கு உபயோகமானவற்றை எளிய தமிழில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். அறியாத டெண்டருக்கு எவரும் விலை சொல்ல முடியாது. ஜனங்களின் வரிப்பணம் ஜனங்களின் உழைப்புக்கே திரும்பி வருவதற்கு முதற்படி அதுவே.