விலை கொடாத வீரம்

நம் பிள்ளைகளின் கைபேசியிலும் கணினித் திரையிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத விரும்புகிறேன். இலக்கியம் பேசும் திங்களிதழில் இதற்கென்ன வேலை என்று முகம் சுளிக்கும் வாசகர் சற்றே பொறுத்தருள வேண்டும். மனிதன் தன்னை யாராகக் கற்பனை செய்துகொள்கிறான் என்பதை ஆராய்வதுதான் இலக்கியத்தின் தொழில் என்றால், இன்றைய பதினைந்து வயதுப் பையனின் கற்பனை குடியிருக்கும் இடத்திற்கு நாமும் போய்த்தான் ஆக வேண்டும்.

"கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ" என்பது அந்த விளையாட்டின் பெயர். வாகனத் திருட்டைக் குறிக்கும் அமெரிக்கக் குற்றவியல் வழக்குச் சொல் அது. பையன்கள் சுருக்கமாக "ஜி.டி.ஏ." என்பார்கள். ஒரு முழு நகரமே திரையில் விரிந்து கிடக்கும். எந்தத் தெருவிலும் போகலாம், எந்த வண்டியையும் பறிக்கலாம், எவரையும் அடிக்கலாம். 1997-இல் தொடங்கிய இவ்வரிசையில் 2013-இல் வந்த ஐந்தாம் பாகம் மட்டும் உலகெங்கும் 20 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது. வயது வந்தோருக்கு மட்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் அந்த உறையைப் பார்த்தவர் யார்? திருட்டுப் பிரதியாகவே அது பிரவுசிங் சென்டர்கள் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது.

இவ்வரிசையின் நான்காம் பாகத்தோடு இணைத்து 2009-இல் வெளிவந்த கதை ஒன்று மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றைப் பற்றியது. "தி லாஸ்ட் அண்ட் டேம்ன்டு" என்பது அதன் தலைப்பு. இழக்கப்பட்டவர்களும் நரகத்தீர்ப்புப் பெற்றவர்களும் என்று பொருள். மறைக்கல்வி நூலின் சொற்கள் எங்கெல்லாம் போய்ச் சேர்கின்றன பாருங்கள்! கதைநாயகன் ஓட்டும் வண்டிக்கு ஹெக்சர் என்று பெயர். முன்சக்கரம் வெகுதூரம் முன்னே நீண்டிருக்கும்; கைப்பிடி உயர்ந்திருக்கும்; இருக்கை தாழ்ந்து, ஓட்டுபவன் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவன்போல் அமர்ந்திருப்பான். சாப்பர் என்று அழைக்கப்படும் குரூசர் வகை இது. அமெரிக்க "அவுட்லா" கும்பல்களின் அடையாளச் சின்னம். அதைக் கண்ட பையன் இதயம் துடிக்கிறான். அந்த வண்டி அழகுதான். அதை மறுப்பது பொய் சொல்வதாகும்.

இவ்விடத்தில் நம் பங்குகளில் வழக்கமாக எழும் கூச்சலோடு எனக்கு உடன்பாடில்லை. விளையாட்டில் திருடுகிறவன் வீதியிலும் திருடுவான், திரையில் சுடுகிறவன் நாளை துப்பாக்கி தூக்குவான் என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் ஹெக்சர் ஓட்டிய எந்தப் பையனும் நம் ஊரில் கும்பல் சேர்த்து வங்கியைக் கொள்ளையடிக்கவில்லை. பையன்கள் முட்டாள்கள் அல்லர். நாம் இப்படிப் பேசப்பேச, "சாமிக்கு ஒன்றும் தெரியாது" என்று அவர்கள் தமக்குள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதற்காக, "வெறும் விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள்" என்னும் படித்த பெற்றோரின் தாராளத்தையும் நான் ஏற்பதற்கில்லை. அந்த வண்டி திருடக் கற்பிக்கவில்லை; விலை கொடாமல் வீரனாகலாம் என்று கற்பிக்கிறது. என் வழக்கு அதனோடுதான்.

"அவுட்லா" என்ற சொல்லின் பழம்பொருள் என்ன? சட்டத்தை மீறியவன் என்பதன்று. சட்டத்தின் காவலிலிருந்தே வெளியே தள்ளப்பட்டவன் என்பதாகும். இடைக்கால இங்கிலாந்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்டவனுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் ஏன் என்று கேட்க நாதியில்லை. அவன் பெருமைக்குரிய முரடன் அல்லன், திசையற்ற அநாதை. இந்தச் சொல்லைத்தான் அமெரிக்க மோட்டார் சைக்கிள் கும்பல்கள் தோல் சட்டையின் முதுகில் பதக்கம்போல் தைத்துக்கொண்டன. 1948-இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பல் அவற்றுள் பெயர் பெற்றது. 1969 டிசம்பர் 6-ஆம் நாள் ஆல்டமான்ட் என்ற இடத்தில் நடந்த மாபெரும் இசை நிகழ்ச்சியில் மேடையருகே அவர்களைக் காவலுக்கு நிறுத்தினார்கள். அங்கே மெரிடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞன் அவர்களுள் ஒருவனின் கத்திக்கு இரையானான். இளைஞன் கையில் துப்பாக்கி இருந்தது, ஆகவே இது தற்காப்பு என்று குத்தியவன் விடுதலையானான். ஹன்டரின் கல்லறை பல ஆண்டுகள் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தது. சட்டத்தை மதியாதவன் என்று மார்தட்டியவனைச் சட்டம் காத்தது. உண்மையில் வெளியே கிடந்தவன் மற்றவன்.

அதே 1969-இல்தான் சாப்பர் வண்டியை உலகெங்கும் புகழ்பெறச் செய்த "ஈசி ரைடர்" திரைப்படமும் வந்தது. அதில் ஓடிய வண்டிகளை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பினத்தவர். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. சுதந்திரத்தின் சின்னம் என்று வெள்ளையர் இளைஞர் கொண்டாடிய வண்டியைப் பெயரில்லாத கைகள் செய்தன என்பதை எந்த விளையாட்டு நமக்குச் சொல்கிறது?

அமெரிக்காவை விடுவோம். "சட்டத்திற்கு வெளியே" என்பது நம் தருமபுரி மாவட்டத்தில் எத்தகைய சொல் என்பதை நாம் அறிவோம். காடுகளில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் மறைந்து வாழ்ந்த வீரப்பன் 2004 அக்டோபர் 18-ஆம் நாள் இரவு பாப்பாரப்பட்டி அருகே, மருத்துவ ஊர்திபோல் வேடமிட்ட காவல்துறை வண்டிக்குள் முடிந்துபோனான். அவன் பெயரைச் சொல்லி மீசை முறுக்கும் இளைஞர் இன்றும் உண்டு. ஆனால் அந்த ஆண்டுகளுக்கு உண்மையான விலை கொடுத்தவர்கள் யார்? இரு பக்கமும் அடி வாங்கிய மலையடிவார மக்கள் அல்லரோ? 1992 ஜூன் 20-ஆம் நாள் அரூரை அடுத்த வாச்சாத்திக்குள் சந்தன மரம் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன; பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அந்தப் பத்தொன்பது ஆண்டுகள் வாச்சாத்தி மக்கள்தான் பழம்பொருளில் "அவுட்லா"க்கள்: அவர்களுக்கு நேர்ந்ததை ஏன் என்று கேட்கச் சட்டம் வரவில்லை. அவர்கள் முதுகில் எந்தச் சின்னமும் தைத்துக்கொள்ளவில்லை.

வாச்சாத்தியின் மக்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். அதே இனத்து மக்கள் வாழும் இடம்தான் வத்தல்மலை. தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்கும் மேலே. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சிற்றூர்கள். சாமை, காப்பி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள். நாடு விடுதலை பெற்று அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் மேலே செல்லத் தார்ச்சாலை இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்கிய காலம் பழங்கதை அன்று. சுமந்த தோள்கள் இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன. சாலை வந்தது; இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு வந்தது. அதன் பின்னர் மலைமேல் மோட்டார் சைக்கிள் என்ன பொருள் பெற்றது என்று பாருங்கள். பின்னிருக்கையில் மிளகு மூட்டை, பெட்ரோல் தொட்டியின்மேல் பள்ளிப் பிள்ளை, காய்ச்சல் கண்ட கிழவியை நடுவில் இருத்தி முன்னும் பின்னும் இரண்டு ஆண்கள். விதிமுறைப்படி அது தவறுதான். ஆயினும் அந்த வண்டி பிறனைச் சுமக்கிறது. கோவேறு கழுதையின் பணியை இரும்பு ஏற்றிருக்கிறது.

அதே வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு வகை வண்டிகள் ஏறுகின்றன. கறுப்புச் சட்டை, மண்டையோட்டுப் படம், காது பிளக்கும் புகைக்குழாய். தனியனாய், முரடனாய், எவருக்கும் கட்டுப்படாதவனாய்த் தோன்ற வேண்டும் என்பது ஆசை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே வரிசையில், ஒருவன் கைகாட்ட மற்றவர் நிற்கின்றனர்! ஹெக்சரைப் போல் முன்சக்கரம் நீண்ட வண்டி கொண்டை ஊசி வளைவுக்கு ஏற்றதே அன்று. நேராய்க் கிடக்கும் கலிபோர்னியா நெடுஞ்சாலைக்காகப் பிறந்த உடல் அது, குறுகிய வளைவில் திரும்பத் திணறும். இதைப் பொறியாளரிடம் கேட்க வேண்டியதில்லை, மிளகு மூட்டை ஏற்றுகிறவரிடம் கேட்டாலே போதும்.

விளையாட்டை உருவாக்கியவர்களுக்கே ஓர் உண்மை தெரிந்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 2009-ஆம் ஆண்டுக் கதையில், கும்பலோடு அணிவகுத்துச் சாலையில் தோன்றும் சின்னத்தின்மேல் வண்டியை நிறுத்தி ஓட்டினால், ஓட்டுபவனின் உடல்நலமும் வண்டியின் நலமும் மெல்ல மெல்லத் திரும்பும். தனியே போனால் திரும்பாது. கதையும் கும்பலின் வெற்றியில் முடிவதில்லை. நட்பு துரோகமாகி, இறுதியில் அவர்கள் தங்கள் மன்றத்தையே தீயிட்டுக் கொளுத்துகிறார்கள். ஐந்தாம் பாகத்தில் அந்த நாயகன் மதிப்பின்றி மிதித்துக் கொல்லப்படுகிறான். எழுதியவர்கள் புலம்பல் ஒன்றை எழுதினார்கள். பையன் அதிலிருந்து வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டான். கதையை விட்டுப் பொருளை எடுப்பதில் நம் மக்களுக்குப் பழக்கம் உண்டு. திருவிழாச் சப்பரத்தைப் பார்த்துவிட்டுப் புனிதரின் வாழ்க்கையைக் கேட்காமல் வீடு திரும்புகிறோமே, அதைப் போல.

பையனின் மனத்தில் படிவது, ஆகவே, கதையன்று, விளையாட்டின் விதி. அவ்விதியின்படி வண்டிக்குத் தவணை இல்லை. பெட்ரோல் தீர்வதில்லை. மோதி விழுந்து செத்தவன் சில நொடிகளில் மருத்துவமனை வாசலில் எழுந்து நிற்கிறான். சிறிது பணம் கழிகிறது, உடலில் தழும்பு இல்லை. இங்கே இறையியல் படித்தவன் வாய் மூடி இருத்தல் இயலாது. உயிர்த்தெழுதலை நம்புகிற நமக்கு இது எத்தகைய கேலிக்கூத்து! நாம் அறிக்கையிடும் உயிர்த்த ஆண்டவர் தழும்புகளோடு எழுந்தார். தோமாவுக்குக் காட்டியது மழுங்கிய தோலை அன்று, ஆணிக் காயத்தை. நகர வாயிலுக்கு வெளியே, இரு கள்வர் நடுவே, சட்டத்தின் காவல் நீக்கப்பட்டவராய் மாண்டவர் அவர். நம் நாட்டில் 2005-இல் அவெஞ்சர் என்ற குரூசர் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பஜாஜ் நிறுவனம், கடவுளைப்போல் உணருங்கள் என்னும் பொருள்பட விளம்பரம் செய்தது. வண்டியின் பெயருக்கு "பழிவாங்குபவன்" என்று பொருள். எந்தக் கடவுள் என்று எவரும் கேட்கவில்லை. ஏதேன் தோட்டத்தில் பாம்பு சொன்னதும் ஏறக்குறைய இதே விளம்பரம்தான்.

திரைக்கு வெளியே விலை உண்டு. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேருக்குமேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நம் தொப்பூர் கணவாயைக் கடக்கும்போதெல்லாம் சிலுவைக் குறி இடாத ஓட்டுநர் குறைவு. பிற சமயத்தவரும் தத்தம் முறையில் கும்பிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் சாகசம் காட்டி விழுந்த யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. அவர் பின்னே திரண்ட சிறுவர் கூட்டம் அதைத் தியாகமாகக் கொண்டாடியது.

"சாமி, எந்நேரமும் போனில் பைக் ஓட்டுகிறான். இப்போது நிஜ பைக் கேட்கிறான். வாங்கித் தராவிட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறான்" என்று தாய்மார் வந்து கண்ணீர் விடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பட்டினி கிடந்து மிரட்டும் பிள்ளைக்கு முன்னால் இதைப் படித்துக் காட்டுங்கள். கடன் வாங்கி வண்டி எடுத்துத் தருவது பாசம் அன்று, பயம்.

கைபேசியைப் பிடுங்கி உடைக்கவும் வேண்டாம். "இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டி" என்று நம் நாட்டிலேயே ஒரு விளையாட்டு உண்டு. அதில் எண்களை அழுத்தினால் விரும்பிய வண்டி தெருவில் வந்து நிற்கும். ஒன்றை ஒழித்தால் இன்னொன்று வரும். அதற்குப் பதிலாக ஒரு மாலை அவன் அருகில் அமருங்கள். எட்டிப் பார்த்துத் திட்ட அன்று, உட்கார்ந்து பார்க்க. அவன் ஹெக்சரில் பறக்கும்போது நடைபாதையில் ஒருவரை அடித்து வீழ்த்துவான், நிச்சயம் வீழ்த்துவான். நிற்கச் சொல்லாதீர்கள். இரண்டு தெருக்கள் சுற்றி அதே இடத்திற்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். அங்கே உடல் இருக்காது. இரத்தக் கறையும் இருக்காது. யார் எடுத்துப் போனார்கள், எந்தத் தூளியில் கொண்டு போனார்கள், அவருடைய வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று அவனிடம் கேளுங்கள். அவன் சிரிப்பான். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடியும் கேளுங்கள்.