இயற்கணிதமும் உரிமையே: முதல் பாடத்தில் எதைக் கற்பிப்பது?

தமிழ்நாடு அரசு 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. பாடத்திட்டத் திருத்தம் குறித்த பேச்சும் தொடர்ந்து எழுந்துள்ளது. மொழியைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் ஓயாது விவாதிக்கும் நாம், ஆறாம் வகுப்பில் தொடங்கும் இயற்கணிதத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. பத்தாம் வகுப்புக்குள் அது கைவராத மாணவருக்குப் பதினொன்றில் கணிதப் பிரிவு எட்டாது. பொறியியல் கதவும் அங்கேயே சாத்தப்படுகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளி செல்லும் சேரிப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, தனிப்பயிற்சிக்குப் பணமில்லை. வகுப்பறை கைவிட்டால் வேறு வழியில்லை.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மானாவாரிக் கரிசல் பூமி. மழை பொய்த்தால் நூற்பாலை, கரிமூட்டம், அரசின் ஊரக வேலை என்று பிழைப்பு நகர்கிறது. இவை அடங்கிய விருதுநகர் மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் பல்லாண்டுகள் முன்னணியில் நின்றது. அதே மாவட்டம்தான் 2018இல் நிதி ஆயோக்கின் பின்தங்கிய மாவட்டப் பட்டியலிலும் இடம்பெற்றது. தேர்ச்சி வேறு, கல்வி தரும் ஆற்றல் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவில் இக்கேள்வியை எழுப்பியவர் பாப் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்யப் போராடிய அவர், 1982இல் ‘இயற்கணிதத் திட்டம்’ தொடங்கினார். வாக்குரிமைக்கு நிகரான குடியுரிமை கணித அறிவு என்பது அவர் வாதம். அவரது மாணவர்கள் முதலில் ரயிலில் பயணம் செய்தனர். கண்டதை வரைந்து, சொந்த மொழியில் விவரித்தனர். அதன் பின்னரே குறியீடுகளுக்கு வந்தனர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் பேருந்தின் நிறுத்தங்களைக் கொண்டே மிகை எண்ணையும் குறை எண்ணையும் நம் பிள்ளைகளுக்கு விளக்க முடியும்.

முதல் பாடத்தில் மூன்று தெளிவுகள் போதும். சமக்குறி என்பது ‘விடை வருகிறது’ என்னும் அறிவிப்பன்று. இருபுறமும் ஒரே மதிப்பு என்னும் உறுதி. எழுத்து என்பது பொருளின் பெயரன்று. அறியாத, அல்லது மாறக்கூடிய ஓர் எண். வாழ்க்கையைச் சமன்பாடாக்கவும், விடையை மீண்டும் வாழ்க்கையில் வைத்துச் சரிபார்க்கவும் இயல வேண்டும். காரணிப்படுத்தும் சூத்திரங்களை மனப்பாடம் செய்வது இவற்றுக்குப் பின்னர் வரட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாளூதியம் 336 ரூபாய். வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தே கூலி கணக்கிடப்பட்டது. ஒரு தாயின் வங்கிக் கணக்கில் ஒரு நாளுக்கு 252 ரூபாய்தான் ஏறியது எனக் கொள்வோம். பதிவான வேலையின் பங்கு ‘ப’ எனில், 336 × ப = 252. ஆகவே ப = 3/4. விதிக்கப்பட்ட வேலையில் முக்கால் பங்கே பதிவாகியுள்ளது. முழு அளவும் வெட்டியிருந்தால் மீதிக் கால் பங்கு எங்கே? இந்தக் கேள்வியோடு அளவுப் புத்தகத்தைக் காட்டுமாறு கேட்கும் மகள், இயற்கணிதத்தைக் கற்றவள்.

கூலி கேட்டவரை அதட்டி அனுப்பியே பழகிய ஊர்களில் இக்கணக்கு சிறிய பொருளன்று. எனவே பாடத்திட்டத் திருத்தத்தில் கணிதத்தை வல்லுநர்களிடம் மட்டும் விட்டுவிடலாகாது. கிராமசபையிலும் மாணவர் அமைப்புகளிலும் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எங்கள் பிள்ளைக்குச் சூத்திரம் தெரியுமா என்பதன்று, அதைக் கொண்டு கணக்குக் கேட்கத் தெரியுமா?