திறந்தவெளிக் கூடுகையில் நம் நடை



மார்கழிக் குளிர் வந்ததும், வங்காளிகளைப் போலவே, சாந்த்ராகாச்சியிலுள்ள நாமும் அண்டாவும் அரிசியுமாய்த் திறந்தவெளிக்குப் போய், ஒன்றாய்ச் சமைத்து, ஜெபித்து, உண்ண விரும்புகிறோம். நல்லதே.

இஸ்ரவேலர் ஏழு நாள் குடிசைகளில் தங்கிய கூடாரப்பண்டிகையில் பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் இடமிருந்தது (உபாகமம் 16). ஆகையால், ஊரைவிட்டுத் தனியே வந்து வேலைசெய்யும் வாலிபனையும் அழையுங்கள். அவனிடம் பங்குப்பணம் கேட்பது அழகல்ல.

மலஜலக் காரியத்தை மேடையில் யாரும் பேசுவதில்லை; வேதமோ பேசுகிறது. பாளயத்துக்குப் புறம்பே இடம் குறிக்கவும், மண்ணைத் தோண்டி மூடக் கோல் வைத்திருக்கவும் உபாகமம் 23 கட்டளையிடுகிறது. நம் சகோதரிகளில் பலர் இத்தகைய நாளில் தண்ணீரே குடியாமல் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். பந்தி எவ்வளவு சிறப்பாயிருந்தும் என்ன பயன்? கழிப்பறை இல்லாத இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டாம்.

ரயில் நிலையத்தருகேயுள்ள ஏரிக்குக் குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அதன் கரையில் ஒலிபெருக்கி வைத்துப் பாடாதிருங்கள். எவ்விடத்திலும் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பது 2000-ஆம் ஆண்டின் பொது விதி. ஆராதனைக்கும் அது பொருந்தும்.

பிளாஸ்டிக் தட்டும் தம்ளரும் 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளன. இங்கே சால் இலைத் தட்டு இருக்கையில் அவை எதற்கு? மீந்த சோற்றைத் தண்ணீரில் கொட்டாதிருங்கள். அடுப்புத் தணலின்மேல் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்தபின்பே வண்டி ஏறுங்கள்.