கைதும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்!

தோழர்களே, கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவோம்.

கொடைக்கானல் பக்கம் ஏதோ காட்டேஜில் ரெய்டுன்னு செய்தி வந்தா நம்ம ஆட்களே முதல்ல என்ன பண்றோம்? வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டி விடுறோம். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கிட்டு வேனில் ஏறுற பொண்ணை ஊரே பார்க்குது. அங்கே வந்த ஆம்பளையோட முகம் எத்தனை வீடியோவில் வந்திருக்கு?

பெரும்பாறை டீக்கடையில் இந்தப் பேச்சு எடுத்தா ரெண்டு பதில்தான் வரும். "எல்லாரையும் புடிச்சு உள்ள போடு" என்பது ஒன்று. "லைசென்ஸ் கொடுத்து முறைப்படுத்திட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்பது இன்னொன்று. ரெண்டுமே அந்தப் பெண்ணைக் கேட்காமல் சொல்ற தீர்வு.

முதல்ல சட்டத்தைப் பார்ப்போம். 1956-ம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டப்படி, வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் தனியாக இத்தொழில் செய்வது மட்டுமே குற்றமில்லை. விடுதி நடத்துவது, புரோக்கர் வேலை, ஆள் கடத்துவது குற்றம். பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதும் குற்றம். இதில்தான் அநியாயம்: 8-வது பிரிவில் முதல் முறை சிக்கும் பெண்ணுக்கு 6 மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் 3 மாதத்துக்கு மேல் இல்லை!

சரி, லைசென்ஸ்? லைசென்ஸ் என்றால் பதிவேடு, கட்டாய மருத்துவப் பரிசோதனை. 1986-ல் சென்னையில் நடந்ததை மறக்க வேண்டாம். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இங்கே, பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில்தான். பாதிப்பு உறுதியான பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அரசு விடுதியில் அடைத்து வைத்தார்கள். வழக்குப் போட்டுத்தான் அவர்கள் வெளியே வர முடிந்தது. ஜெர்மனி 2017-ல் பதிவைக் கட்டாயமாக்கியது. பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் அங்கேயே பலர் பதிவு செய்யவில்லை. நம்ம பெரும்பாறையில் காலையில் பஸ்ஸில் யார் இறங்கினாலும் சாயங்காலத்துக்குள் தாண்டிக்குடி வரைக்கும் தெரிஞ்சிடும். இங்கே யார் போய்ப் பதிவு செய்வா?

2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கு. பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும். ரெய்டின்போது அவர்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்கு ஆதாரமாக்கக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் உடனடி மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். இதில் எத்தனை நடைமுறைக்கு வந்திருக்கு?

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

✅ புரோக்கருக்கும் ஆள் கடத்துபவனுக்கும் கடும் தண்டனை. குழந்தைகள் விஷயத்தில் துளியும் சமரசம் இல்லை.
✅ பெண்ணைத் தண்டிக்கும் 8-வது பிரிவு நீக்கப்பட வேண்டும்.
✅ அடிபட்டவள் "நம்மளையே புடிச்சு உள்ள போடுவாங்க" என்ற பயமில்லாமல் ஸ்டேஷனில் புகார் கொடுக்கும் நிலை வேண்டும்.
✅ வறுமை யாரையும் இதில் தள்ளாமல் இருக்க, காபி சீசன் இல்லாத மாதங்களிலும் மலைக்கிராமப் பெண்களுக்கு வேலையும் நியாயமான கூலியும் வேண்டும்.

இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை தோழர்களே. ஒரு பெண் உயிருக்குப் பயப்படாமல் புகார் கொடுக்க முடியுமா, முடியாதா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ உங்க போனுக்கு வந்தால், ஃபார்வேர்டு பண்ணாதீங்க. அழிச்சிடுங்க. அனுப்பினவருக்கு இந்தப் பதிவை அனுப்புங்க. ✊